வாசகர் கேள்வி-பதில்: முதுமையில் ஒரே மேடை

இந்த மாதம் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை, நாட்டுப்புற இசையிலும் ராக் இசையிலும் பெயர்பெற்ற மூத்த கலைஞர்கள் வயதான பின் சேர்ந்து பாடுவதைப் பற்றியே இருந்தன. ஆகவே மற்றவற்றை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்து, பக்கம் முழுவதையும் இதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: நாட்டுப்புறப் பாடகர்களும் ராக் கலைஞர்களும் ஒரு காலத்தில் எதிரெதிர் அணிகளாக இருந்தார்கள் என்று படித்திருக்கிறேன். இன்று அதே தலைமுறையினர் எழுபது, எண்பது வயதில் தோளோடு தோள் நின்று பாடுகிறார்கள். அந்தப் பகை எப்போது தீர்ந்தது?

பதில்: பகை என்று சொல்லப்படுவதில் பாதி பின்னால் வந்தவர்கள் ஊதிப் பெருக்கியது. 1965ஆம் ஆண்டு ஜூலை 25 அன்று அமெரிக்காவின் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில், நாட்டுப்புறப் பாடகராகப் பெயர்பெற்ற 24 வயதுப் பாப் டிலன் மின்கிட்டாருடன் மேடையேறியபோது கூட்டத்தில் ஒரு பகுதியினர் கூச்சலிட்டது உண்மை. அந்தக் கூச்சலுக்குக் காரணம் மின்கிட்டாரா, ஒலிபெருக்கியில் சொற்கள் சரியாகக் கேளாமல் போனதா, மூன்றே பாடல்களோடு அவர் மேடையை விட்டு இறங்கியதா என்பது இன்றுவரை தீராத வழக்கு. மூத்த நாட்டுப்புறப் பாடகரான பீட் சீகர் கொதித்துப் போனார் என்பதும் உண்மைதான். ஆனால் தம் கோபம் மின்கருவியின்மீது அன்று, பாட்டின் சொற்களை விழுங்கிய ஒலியமைப்பின்மீதே என்று அவர் பிற்காலத்தில் விளக்கினார். டிலன் அன்றிரவே சாதாரணக் கிட்டாரோடு திரும்பி வந்து இன்னும் இரண்டு பாடல்களைப் பாடினார் என்பதை இந்தக் கதையைச் சொல்பவர்கள் பலர் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

அதே சீகர், 2013 செப்டம்பரில், விவசாயிகளுக்கு நிதி திரட்டும் ஃபார்ம் எய்ட் நிகழ்ச்சியில், தம்முடைய 94ஆம் வயதில், ராக் கலைஞர் நீல் யங், வில்லி நெல்சன், ஜான் மெல்லன்கேம்ப் ஆகியோருடன் ஒரே மேடையில் நின்று பாடினார். அவர் குரல் அப்போது ஏறக்குறைய முழுவதும் போய்விட்டிருந்தது. பாட்டின் அடுத்த அடியைப் பேச்சாகவே முன்கூட்டி எடுத்துக்கொடுத்துவிட்டு, கூட்டத்தைப் பாட வைப்பது அவர் வாழ்நாள் முழுவதும் கையாண்ட முறை. குரல் தேய்ந்த காலத்தில் அந்த முறையே அவரைத் தாங்கியது.

என் கருத்தில், இந்தச் சேர்க்கையின் திறவுகோல் அங்கேதான் இருக்கிறது. ராக் இசை இளமையை முதலாகப் போட்டுத் தொடங்கிய கலை. உடலின் வேகமும் குரலின் உச்சமும் அதன் இலக்கணத்திலேயே கலந்தவை. நாட்டுப்புற இசையிலோ வயதானவரின் குரலுக்குத் தொடக்கத்திலிருந்தே மரியாதையான இடம் உண்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் பாடல் திரட்டியவர்கள் தேடிப்போனது கிழவர்களையும் கிழவிகளையும்தான். 1928இல் சில பாடல்களைப் பதிவு செய்துவிட்டு உலகத்தாரால் மறக்கப்பட்ட பாடகர் மிசிசிப்பி ஜான் ஹர்ட்டை, 1963இல் ஓர் இசை ஆர்வலர் தேடிக் கண்டுபிடித்த பின், அவருடைய முதுமையில் மேடையேற்றியதும் அதே நியூபோர்ட் விழாதான். ராக் கலைஞர்களுக்கு வயதானபோது, முதுமையை ஏற்கும் வழக்கம் ஏற்கெனவே வேரூன்றியிருந்த இடத்துக்கு அவர்கள் வந்து சேர்ந்தார்கள். பலருக்கு அது புறப்பட்ட இடமும்கூட.

கேள்வி: மனம் நோகக் கேட்கவில்லை. தேய்ந்துபோன குரலைப் பணம் கொடுத்துக் கேட்பதில் என்ன இருக்கிறது? பழைய ஒலிப்பதிவுகள் இருக்கின்றனவே?

பதில்: நியாயமான கேள்வி. குரலுக்கு வயதாகும்போது என்ன நடக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். குரல்நாண்களின் தசை மெலிகிறது, அவற்றின் மேற்பரப்பு உலர்கிறது. இரண்டும் முழுதாக மூடாததால் காற்று கசிந்து, ஒலியில் ஒரு கரகரப்பும் மூச்சின் சாயலும் ஏறுகின்றன. பெண்களின் குரல் பெரும்பாலும் கீழிறங்குகிறது. ஆண்களின் குரல் சற்று மேலேறி மெலிவதும் உண்டு. நுரையீரலின் கொள்ளளவு குறைவதால், முன்பு ஒரே மூச்சில் பாடிய அடியை இரண்டாக உடைக்க வேண்டியிருக்கிறது. பழைய பாட்டைப் பழைய சுருதியில், பழைய வேகத்தில், இந்தக் குரலால் பாட முயன்றால் தோல்விதான். அப்படித் தோற்ற நிகழ்ச்சிகள் ஏராளம், அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆனால் பாடகி ஜோனி மிட்செலை எடுத்துக்கொள்ளுங்கள். 1943இல் பிறந்த அவர் ஒன்பது வயதில் போலியோவால் தாக்கப்பட்டார். இடக்கை பலவீனப்பட்டதால், விரல்களுக்கு எளிதான வகையில் கிட்டாரின் தந்திகளைத் தமக்கேற்பச் சுருதி மாற்றிக்கொண்டார். அவருடைய இசையின் தனித்தன்மைக்குக் காரணமாகிய அந்த விசித்திரமான சுருதிகளில் பல இந்த உடற்குறையிலிருந்து வந்தவை. 2015இல் மூளை இரத்தநாள வீக்கத்தால் அவர் வீழ்ந்தபோது, நடப்பதையும் பேசுவதையும்கூட மீண்டும் கற்க வேண்டியதாயிற்று. தம்முடைய பழைய காணொளிகளைப் பார்த்து, விரல் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று கவனித்துக் கிட்டாரை மறுபடி பழகியதாக அவரே சொல்லியிருக்கிறார். இந்த ஆண்டுகளில் அவருடைய வீட்டில் நண்பர்கள் கூடிப் பாடும் வழக்கம் தொடங்கியது. பாடகி பிராண்டி கார்லைல் அதை முன்னின்று நடத்தினார். அந்தக் கூடத்தையே, சோபாக்களும் நாற்காலிகளுமாக, 2022 ஜூலை 24 அன்று நியூபோர்ட் மேடைக்கு அப்படியே கொண்டுவந்தார்கள். முன்னறிவிப்பில்லாமல் 78 வயது மிட்செல் வந்து அமர்ந்தார். 1969க்குப் பிறகு அவர் அந்த விழாவில் பாடியது அதுவே முதல்முறை.

அந்நிகழ்ச்சியின் ஒழுங்கமைப்பை நான் பலமுறை வியந்திருக்கிறேன். தொடக்கத்தில் மற்றவர்கள் பாட்டைச் சுமந்தார்கள். அவர் இடையிடையே சேர்ந்துகொண்டார். நேரம் செல்லச் செல்ல அவர் குரல் முன்னுக்கு வர, மற்றவர்கள் பின்வாங்கினார்கள். ஒரு கட்டத்தில் அவர் எழுந்து நின்று மின்கிட்டாரில் தனியாக வாசித்தார். யாரும் அவரைத் தூக்கி நிறுத்தவில்லை, யாரும் அவரை மறைக்கவுமில்லை. இளமையில் அவருடைய குரல் மேல்ஸ்தாயியில் பறந்த குரல். இன்று அது அடிக்குரல். இருபதுகளில், வாழ்க்கையை இரு பக்கமும் பார்த்துவிட்டேன் என்று ஒரு பெண் எழுதிய பாட்டு, எண்பதை நெருங்கும் அதே பெண்ணின் வாயிலிருந்து வரும்போது, பொருளில் ஒரு சொல்லும் மாறாமலே எடை மாறிவிடுகிறது. இதைப் பழைய ஒலிப்பதிவு தராது. அந்நிகழ்ச்சியின் ஒலிப்பதிவு 2024இல் சிறந்த நாட்டுப்புற இசைத்தொகுப்புக்கான கிராமி விருதைப் பெற்றதை ஆறுதல் பரிசு என்று சிலர் சொன்னார்கள். கேட்டுவிட்டுச் சொன்னார்களா என்பது எனக்கு ஐயம்.

கேள்வி: மூத்த கலைஞர்கள் சுருதியைக் குறைத்துப் பாடுவதும், திரையில் வரிகளைப் பார்த்துப் பாடுவதும் ஏமாற்று இல்லையா?

பதில்: இல்லை. கிட்டாரின் எல்லாத் தந்திகளையும் அரைக் கட்டையோ ஒரு கட்டையோ இறக்கினால், பாடகருக்கு உச்ச ஸ்வரம் எட்டுகிறது. தந்தியின் இறுக்கம் குறைவதால் மூட்டுவலி உள்ள விரல்களுக்கும் நோகாமல் வாசிக்க முடிகிறது. காதுக்குள் பொருத்தும் சிறு ஒலிக்கருவிகள் வந்த பின், மேடையில் உரத்து முழங்கும் ஒலிபெருக்கிகளின் தேவை குறைந்தது. அது பல ஆண்டு இரைச்சலால் செவித்திறன் இழந்தவர்களுக்குப் பெரிய உதவி. முதுமையில் முதலில் போவது உயர்ந்த அதிர்வெண்களைக் கேட்கும் திறன். பிறர் குரலோடு இணைந்து பாடுபவருக்கு அதுவே பெரிய இழப்பு, ஏனெனில் பக்கத்தில் இருப்பவர் எந்த ஸ்வரத்தில் நிற்கிறார் என்பதைத் துல்லியமாகக் கேட்காமல் இணைக்குரல் சேராது. 60 ஆண்டுகளில் எழுதிய நூற்றுக்கணக்கான பாடல்களின் எல்லாச் சரணங்களையும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது ரசனையைச் சேர்ந்தது அன்று, தேர்வு மேற்பார்வையைச் சேர்ந்தது. முன்பே பதிவு செய்த குரலை ஓடவிட்டு வாயசைப்பதைத்தான் நான் ஏமாற்று என்பேன்.

கேள்வி: எல்லாம் பணத்துக்காகத்தானே?

பதில்: பெருமளவுக்கு ஆம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இசைத்தட்டு விற்பனை சரிந்த பிறகு மேடை நிகழ்ச்சியே பெரும்பாலோரின் முதன்மை வருவாய். 2016 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் இண்டியோவில் ரோலிங் ஸ்டோன்ஸ், டிலன், பால் மெக்கார்ட்னி, நீல் யங், தி ஹூ, ரோஜர் வாட்டர்ஸ் ஆகியோரை ஒரே விழாவில் திரட்டியதன் பின்னே வணிகக் கணக்கு இருந்தது என்பதைக் குழந்தையும் அறியும். ஆயினும் மெக்கார்ட்னி பாடும்போது யங் மேடையேறிச் சேர்ந்துகொண்டதைத்தான் இன்று எல்லாரும் நினைவுகூர்கிறார்கள்.

கேள்வி: பழைய கூட்டாளிகள் மீண்டும் இணைவது, முன்பின் சேர்ந்திராதவர்கள் முதுமையில் புதிதாக இணைவது ஆகிய இரண்டில் எது சிறந்த இசையைத் தருகிறது?

பதில்: என் வாக்கு இரண்டாவதற்கு. முதலாவதன் சிக்கலைப் பால் சைமன், ஆர்ட் கார்ஃபங்கல் இருவரின் கதையே காட்டும். இருவரும் 1941இல் பிறந்தவர்கள், பள்ளித் தோழர்கள், 1970இல் பிரிந்தவர்கள். 1981 செப்டம்பர் 19 அன்று நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்காவில் அவர்கள் மீண்டும் சேர்ந்து பாடியபோது ஏறத்தாழ 5,00,000 பேர் கூடினார்கள் என்று மதிப்பிடப்பட்டது. அந்த வெற்றிக்குப் பின்னும் ஒன்றாகப் புதிய இசைத்தொகுப்பு வரவில்லை. 2003இல் மீண்டும் சுற்றுப்பயணம் சென்றபோது, தங்கள் இளமைக்கு வழிகாட்டிகளான எவர்லி சகோதரர்களை விருந்தினராக அழைத்து, நிகழ்ச்சியின் நடுவே அவர்களுக்கு மேடையை விட்டுக்கொடுத்தார்கள். அந்தச் சகோதரர்கள் தாங்களும் 1973இல் மேடையிலேயே சண்டையிட்டுப் பிரிந்து, 1983இல் லண்டனில் இணைந்தவர்கள். பிரிவில் அனுபவமுள்ள இரண்டு இணைகள் ஒரே மேடையில்! ரசிகர்களுக்கு அது விருந்துதான். ஆனால் இத்தகைய மறு இணைவில் ரசிகர் கேட்பது பழைய ஒலியின் பிரதியை. கலைஞர்களுக்குத் தெரிந்திருப்பது பழைய காயத்தின் இடம். கிராஸ்பி, ஸ்டில்ஸ், நாஷ், யங் நால்வரும் 2006இல் போர் எதிர்ப்புப் பாடல்களுடன் சேர்ந்து பயணம் செய்தபோது பேச ஒரு பொருள் இருந்தது. நிகழ்ச்சியும் உயிரோடு இருந்தது. அடுத்த பத்தாண்டுகளுக்குள் கிராஸ்பிக்கும் மற்றவர்களுக்கும் இடையே பேச்சுவார்த்தையே அற்றுப்போயிற்று. 2023 ஜனவரியில் அவர் மறைந்தார்.

இதற்கு மறுபக்கம், லெட் செப்லின் என்ற ராக் குழுவின் பாடகர் ராபர்ட் பிளாண்ட். 2007 டிசம்பர் 10 அன்று லண்டனில் லெட் செப்லின் குழு ஒரே ஓர் இரவுக்காக ஒன்றுகூடியது. அதைத் தொடர்ந்து உலகச் சுற்றுப்பயணம் என்றால் கேட்ட தொகை கிடைத்திருக்கும். பிளாண்ட் இசையவில்லை. அதே ஆண்டு அக்டோபரில், தம்மைவிட 23 வயது இளையவரும் புளூகிராஸ் என்ற அமெரிக்க நாட்டுப்புற இசை மரபில் வளர்ந்தவருமான ஃபிடில் கலைஞர் அலிசன் கிராஸுடன் அவர் பாடிய இசைத்தொகுப்பு வெளிவந்திருந்தது. அடுத்த ஆண்டு அவரோடுதான் ஊர் ஊராகப் பயணம் செய்தார். 2009இல் அத்தொகுப்பு அந்த ஆண்டின் சிறந்த இசைத்தொகுப்புக்கான கிராமி விருதைப் பெற்றது. இதில் நான் பெரிதாகக் கருதுவது விருதை அன்று. வாழ்நாள் முழுவதும் முன்னணிக் குரலாக மட்டுமே முழங்கிப் பழகிய பிளாண்ட், அறுபதை நெருங்கும் வயதில் இன்னொருவரின் குரலுக்கு இணைக்குரல் பாட முதன்முறையாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. கிராஸோ துல்லியத்துக்குப் பெயர்போனவர். ஒவ்வோர் இரவும் ஓரடியை வெவ்வேறு விதமாகப் பாடும் மனிதரோடு இணைய அவர் பழக வேண்டியிருந்தது. ஆளுக்கு ஒன்று தெரியாமல் இருந்ததால்தான் அந்த இசையில் கூச்சமும் கவனமும் கலந்து ஒலிக்கின்றன. 2021இல் இரண்டாவது தொகுப்பும் வந்தது.

1988இல் ஜார்ஜ் ஹாரிசன், டிலன், ராய் ஆர்பிசன், ஜெஃப் லின், டாம் பெட்டி ஐவரும் சேர்ந்ததையும் இங்கே சேர்க்கலாம். ஹாரிசனின் தனிப்பாடல் இசைத்தட்டு ஒன்றின் பின்பக்கத்துக்கு ஒரு பாட்டு வேண்டியிருந்தது; அதை டிலனின் வீட்டிலிருந்த சிறு ஒலிப்பதிவுக் கூடத்தில் சேர்ந்து செய்யப்போய், பாட்டு பின்பக்கத்தில் ஒளித்துவைக்க முடியாத அளவுக்கு நன்றாக அமைந்துவிட்டதால் குழுவே உருவானது. அவர்கள் மேடை நிகழ்ச்சி ஒன்றுகூட நடத்தவில்லை. முதல் தொகுப்பு வெளிவந்த சில வாரங்களில், டிசம்பர் 6 அன்று, 52 வயதில் ஆர்பிசன் காலமானார்.

கேள்வி: நீங்கள் சொல்பவை பெரும்பாலும் அமெரிக்கக் கதைகள். பிரிட்டனில் இத்தகைய மரபு இல்லையா?

பதில்: அங்கேதான் அது ஆண்டுச் சடங்காகவே ஆகியிருக்கிறது. ஃபேர்போர்ட் கன்வென்ஷன் 1967இல் ராக் குழுவாகத் தொடங்கியது. 1969 மே மாதம் நிகழ்ச்சி முடிந்து திரும்பும் வழியில் அவர்களுடைய வேன் விபத்துக்குள்ளாகி, 19 வயது டிரம்ஸ் கலைஞர் மார்ட்டின் லாம்பிளும் உடன்வந்த ஒரு தோழியும் இறந்தார்கள். பழைய பாடல்களை மீண்டும் பாட மனமில்லாத அந்த இளைஞர்கள் இங்கிலாந்தின் நாட்டுப்புறக் கதைப்பாடல்களை எடுத்து, மின்கிட்டார், ஃபிடில், டிரம்ஸ் ஆகியவற்றோடு பாடினார்கள்; பிரிட்டிஷ் நாட்டுப்புற ராக் என்ற வகை உருப்பெற்றது அந்த ஆண்டில்தான். 1979இல் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரின் குரோப்ரெடி என்ற சிற்றூரில் விடைபெறும் நிகழ்ச்சி நடத்திக் குழுவைக் கலைத்தார்கள். அடுத்த ஆண்டே அதே ஊரில் ஒன்றுகூடினார்கள்! அது ஆண்டுதோறும் நடக்கும் ஆகஸ்ட் விழாவாகிவிட்டது. விலகிப்போன பழைய உறுப்பினர்கள் வந்து தங்கள் காலத்துப் பாடல்களில் சேர்ந்துகொள்கிறார்கள். ரிச்சர்ட் தாம்சன் பல ஆண்டுகள் அப்படி வந்திருக்கிறார்.

அக்குழுவின் ஃபிடில் கலைஞர் டேவ் ஸ்வார்பிரிக்கைப் பற்றிச் சொல்லாமல் கடக்க முடியவில்லை. 1999இல் அவர் மருத்துவமனையில் இருந்தபோது, இறந்துவிட்டதாகவே ஒரு நாளிதழ் புகழுரையுடன் அஞ்சலிக் கட்டுரை வெளியிட்டுவிட்டது. 2004இல் இரு நுரையீரல்களும் மாற்றப்பட்டு மீண்டும் மேடையேறிய அவர், செத்துப் பிழைத்த விவிலியப் பாத்திரமான லாசரஸின் பெயரையே தம் புதிய குழுவுக்கு வைத்தார். 2016 வரை வாழ்ந்தார்.

பெண்டாங்கிள் குழுவின் தொடக்க உறுப்பினர்கள் ஐவரும் 1973இல் பிரிந்து, 2008இல் லண்டனின் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் மறுபடி கூடினார்கள். அதன் கிட்டார் கலைஞர் பெர்ட் ஜான்ஷ் புற்றுநோயோடு போராடிக்கொண்டே, 2010இலும் 2011இலும் நீல் யங்கின் சுற்றுப்பயணங்களில் தொடக்க நிகழ்ச்சி வழங்கினார். மின்கிட்டாருக்கு ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் எப்படியோ சாதாரணக் கிட்டாருக்கு ஜான்ஷ் அப்படி என்று கருதியவர் யங். உலகப் புகழ்பெற்ற ராக் கலைஞர் தம் ஆசானை, அவருடைய இறுதி ஆண்டுகளில், தம் கூட்டத்தின் முன் உட்கார்த்திக் கேட்க வைத்தார். ஜான்ஷ் 2011 அக்டோபரில் மறைந்தார்.

கேள்வி: எப்போது நிறுத்த வேண்டும் என்பதை யார் முடிவு செய்வது?

பதில்: சிலருக்கு உடல் முடிவு செய்துவிடுகிறது. பாடகி லிண்டா ரான்ஸ்டாட் 2009இல் தம் கடைசி நிகழ்ச்சியை நடத்தினார்; நரம்பு நோயால் இனி ஒரு ஸ்வரம்கூடப் பாட முடியாது என்பதை 2013இல் தெரிவித்தார். நாட்டுப்புறப் பாடகி ஜோன் பயஸ் தாமே முடிவு செய்து, தம் விடைபெறும் சுற்றுப்பயணத்தை 2019 ஜூலையில் மாட்ரிட்டில் 78 வயதில் நிறைவு செய்தார். மேல்ஸ்தாயியைக் காப்பாற்ற நாள்தோறும் செலவாகும் உழைப்பைப் பற்றி அவர் ஒளிவுமறைவின்றிப் பேசியிருக்கிறார். பால் சைமன் 2018இல் பயணங்களுக்கு விடைகொடுத்தார். பின்னர் இடக்காதின் கேட்புத்திறனைப் பெரிதும் இழந்தார். ஆயினும் 2025இல், பெரிய மைதானங்களைத் தவிர்த்து, ஒலியமைப்பு நன்றாக உள்ள சிறு அரங்குகளில், தமக்குக் கேட்கும் அளவிலான மென்மையான வாத்தியங்களோடு மறுபடி பாட வந்தார். இம்மூவரில் எவரும் தவறு செய்யவில்லை. ரசிகர்களாகிய நமக்கு இதில் வாக்குரிமை இல்லை; நுழைவுச்சீட்டு வாங்காமல் இருக்கும் உரிமை மட்டுமே உண்டு.

கேள்வி: இந்த இசை எனக்கு முற்றிலும் புதிது. எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

பதில்: பிளாண்டும் கிராஸும் பாடிய 2007ஆம் ஆண்டுத் தொகுப்பிலிருந்து தொடங்குங்கள், முன்னறிவு எதுவும் தேவைப்படாதது அது. அதன்பின் மிட்செலின் நியூபோர்ட் நிகழ்ச்சியைக் காணொளியாகப் பாருங்கள், வெறும் ஒலியாகக் கேட்காதீர்கள். பக்கத்தில் இருப்பவர்கள் அவரை எப்படிக் கவனித்துக்கொண்டே பாடுகிறார்கள் என்பது கண்ணால் பார்க்க வேண்டியது. அவர் இளமையில் பாடிய பதிவுகளை அதற்குப் பிறகே கேளுங்கள். பெரும்பாலோர் இந்த வரிசையைத் தலைகீழாக வைத்துக்கொண்டு, முதுமையின் குரலை இளமையின் குரலோடு ஒப்பிட்டு ஏமாந்துபோகிறார்கள்.